மடிஞ்ச காது பூனையைக் கோயில் குலுக்கல்ல பரிசா வைக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போறவங்க ராத்திரி வந்து படிங்க. ஆனா பாதியில விட்டுட்டு "அக்காவுக்கு நிர்வாகத்து மேல கோபம்"னு மட்டும் முடிவு கட்டிடாதீங்க. கோபம் இருக்கு. காரணமும் இருக்கு.

விஷயம் இதுதான். நம்ம கோயில் திருப்பணி நிதிக்காக அடுத்த மாசம் விருந்து வைக்கிறோம். வழக்கம் போல அதிர்ஷ்டக் குலுக்கும் உண்டு. போன ஞாயிறு கூட்டத்துல முதல் பரிசு என்னன்னு அறிவிச்சாங்க: ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனைக்குட்டி, ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, ஜோடியா. நம்ம தம்பி ஒருத்தர் பூனை வளர்த்து விக்கிறாரு, அவரே மனசார நன்கொடையா குடுக்கிறாரு. போஸ்டர் கூட அடிச்சாச்சு. ரெண்டு குட்டிக்கும் கழுத்துல சிவப்பு ரிப்பன், பின்னாடி நம்ம ராஜகோபுரம்.

நான் எழுந்து "வேண்டாம்"னு சொன்னேன். சபை சிரிச்சுது. "அக்கா, பூனை குறுக்கே போனா சகுனம் சரியில்லைன்னு சொல்றீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. இன்னொருத்தர், "நல்ல காரியத்துக்குத் தடை சொல்லாதீங்கம்மா, நீங்க அன்னதானத்தைப் பாருங்க"ன்னாரு. பதினாலு வருஷமா நான் அன்னதானத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், ஐயா. காய் வெட்டுறவளுக்குப் பூனையைப் பத்திப் பேச வாய் இருக்கக் கூடாதுன்னு ஆகமத்துல எங்க இருக்குன்னு யாராவது காட்டுங்க.

அங்கே பேச விடல. அதனால இங்கே எழுதறேன்.

முதல்ல அந்தக் காது. பூனைக் காது நெட்டுக்குத்தா நிக்கறதுக்கு உள்ளே இருக்கிற குருத்தெலும்புதான் காரணம். ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனைக்கு அந்தக் குருத்தெலும்பு சரியா உருவாகறதில்ல. காது தன் கனத்தையே தாங்க முடியாம முன்னால மடிஞ்சு விழுது. பிறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் காது ஒரே மாதிரிதான் இருக்கும். மூணு வாரம் போல ஆகும்போதுதான் சிலதுக்கு மடியும். நாம "அய்யோ எவ்வளவு க்யூட்"னு சொல்றது உண்மையில ஒரு நோயோட முதல் அடையாளம்.

குருத்தெலும்பு காதுல மட்டுமா இருக்கு? முழங்கால்ல இருக்கு, கணுக்கால்ல இருக்கு, முதுகெலும்புல இருக்கு, வால்ல இருக்கு. காதை மடக்கின அதே கோளாறு அங்கேயும் வேலை செய்யுது. பின்னங்கால் மூட்டைச் சுத்தி எலும்பு கண்டபடி வளரும், மூட்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வால் கட்டை மாதிரி விறைக்கும். டாக்டருங்க இதுக்கு ஆஸ்டியோகாண்ட்ரோடிஸ்ப்ளேசியான்னு பேர் வச்சிருக்காங்க. பேரு வாயில நுழையாட்டி பரவாயில்ல. எலும்பும் குருத்தெலும்பும் கோணலா வளர்ற பிறவி நோய்னு வச்சுக்குங்க. 2016-இல் இதுக்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடிச்சிட்டாங்க. டி.ஆர்.பி.வி.4-ன்னு பேரு. இதே மரபணுவுல கோளாறு வந்தா மனுஷப் பிள்ளைங்களுக்கும் எலும்பு நோய் வரும்.

இந்த வம்சம் எங்க ஆரம்பிச்சுதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா "இது ராஜ வம்சத்துப் பூனை"ன்னு தம்பி கூட்டத்துல சொன்னாரு. ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. 1961-இல் ஸ்காட்லாந்துல கூப்பர் ஆங்கஸ் பக்கத்துல ஒரு பண்ணையில சூசின்னு ஒரு வெள்ளைப் பூனை. எலி பிடிக்கிற பண்ணைப் பூனைதான். காது மடிஞ்சிருந்துது. வில்லியம் ராஸ்னு ஒரு ஆட்டிடையர் பாத்து ஆசைப்பட்டு அதோட குட்டி ஒண்ணை வாங்கி வளர்த்தாரு. இன்னிக்கு உலகத்துல இருக்கிற அத்தனை ஃபோல்டும் அந்தச் சூசி வழி வந்ததுங்க. அறுபது எழுபது வருஷம் முன்னால ஒரு பூனைக்கு வந்த பிறவிக் கோளாறை, அழகுன்னு நினைச்சு மனுஷன் பெருக்கிக்கிட்டே வந்திருக்கான்.

பிரிட்டன்ல பூனை இனங்களைப் பதிவு பண்ற பெரிய சங்கம் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த இனத்தைப் பதிவு பண்றதை நிறுத்திடுச்சு. பேருல ஸ்காட்லாந்து இருக்கு, சொந்த நாட்டுச் சங்கத்துல இடம் இல்ல. அதுக்குள்ளே அமெரிக்காவுக்குப் போயி அங்கே பேர் வாங்கி, ஜப்பான் போயி, டிக்டாக் வந்து, இப்போ பட்டர்வொர்த் கோயில் குலுக்கல் வரைக்கும் வந்தாச்சு. டெய்லர் ஸ்விஃப்ட் கிட்ட ரெண்டு இருக்காம். என் மகளுக்கு அது தெரிஞ்ச நாள்ல இருந்துதான் என் வீட்டுக் கதை ஆரம்பம்.

ஆமா, என் வீட்டுலயும் இருக்கு. இதைச் சொல்லாம மத்தவங்களைக் குறை சொன்னா நான் யோக்கியம் இல்ல.

2018 டிசம்பர். மகள் பரீட்சையில நல்லா செஞ்சா. "அம்மா, ஃபோல்ட் வேணும்மா, ஃபோல்ட் வேணும்மா"ன்னு ரெண்டு மாசம். தீவுப் பக்கம் ஒரு கடையில 1,800 வெள்ளி குடுத்து வாங்கினோம். சாம்பல் நிறம், உருண்டை முகம், ஆந்தை மாதிரி கண்ணு. ஃபெர்ரியில அட்டைப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பட்டுன்னு பேர் வச்சோம். கடைக்காரர் ஊசி அட்டை குடுத்தாரு, உணவுப் பாக்கெட் ஒண்ணு இலவசமா குடுத்தாரு. எலும்பு நோயைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல. புடவை வாங்கினா சாயம் போகுமான்னு கேப்பேன், உயிரை வாங்கும்போது கேக்கத் தோணல.

பட்டு ஒரு வயசுல மனுஷன் மாதிரி உட்காரும். முதுகைச் சுவத்துல சாய்ச்சு, பின்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டி, கை ரெண்டும் வயித்து மேல. புத்தர் மாதிரி உட்காருதுன்னு எல்லாரும் படம் எடுத்தாங்க. நானே குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டேன், அம்பது பேர் சிரிச்சாங்க. கால் மடக்கி உட்கார்ந்தா வலிக்குது, அதனாலதான் நீட்டி உட்காருதுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

அதுக்கு முன்னால ஒரு தடவை குட்டியும் போட்டுது. கருத்தடை பண்ணாம விட்டது என் தப்பு. அப்பன் யாருன்னா பக்கத்து வீட்டு வாசல்ல படுத்துக் கிடக்கிற உள்ளூர்க் கடுவன். காது நட்டுக்குத்தா நிக்கும், வால் முனையில முடிச்சு. நாலு குட்டி. மூணாவது வாரம் ரெண்டுக்குக் காது மடிஞ்சுது. நாங்க கை தட்டினோம்! கடவுள் சத்தியமா கை தட்டினோம். மடிஞ்ச காது ரெண்டையும் ஆளாளுக்கு அடிச்சுப் பிடிச்சு வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணை நம்ம கோயில் குடும்பம் ஒண்ணுக்கே பிரசாதம் குடுக்கிற மாதிரி குடுத்தேன்.

2020 மார்ச்சுல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சோம். அப்பத்தான் கவனிச்சேன். பட்டு சோபாவுல ஏறறது இல்ல. ஏற நினைச்சு கீழே நின்னு அண்ணாந்து பாக்கும், அப்புறம் திரும்பிப் போயிடும். மண் டப்பாவுக்கு வெளியவே சிறுநீர் போக ஆரம்பிச்சுது. நான் அடிச்சேன். ஒரு நாள் துடைப்பத்தால அடிச்சேன். விளிம்பு உயரமா இருந்ததால காலைத் தூக்கி வைக்க முடியலைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. வாலைத் தொட்டா கடிக்க வந்துது. கிளினிக்குக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பலகையில மாட்டி, பேனாவால காட்டினாங்க. பின்னங்கால் கணுவுல எலும்பு எலும்பா இல்ல, இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமா இருந்துது. "ஆன்ட்டி, இவளுக்கு வயசு ரெண்டு கூட ஆகல. கிழவிக்கு இருக்கிற கால் இது"ன்னாங்க.

நான் குடுத்தேன்னு சொன்னேனே, அந்தக் குட்டி. அது இன்னும் மோசம். மூணு வயசுல நடக்கவே முடியாம இழுத்து இழுத்துப் போச்சு. அந்த வீட்டம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. கடைசியில தூங்க வைக்க கிளினிக்குக்குப் போனப்ப என்னையும் கூப்பிட்டாங்க. நானும் போனேன். இதுக்கு மேல அதைப் பத்தி எழுத முடியாது.

இப்போ தம்பி கூட்டத்துல சொன்ன முக்கியமான வாதத்துக்கு வர்றேன். "அக்கா, ஃபோல்டும் ஃபோல்டும் சேர்ந்தாத்தான் நோய் வரும். நாங்க ஃபோல்டை நேர்க்காதுப் பூனையோடதான் சேர்க்கிறோம். நோயே வராது." இது தம்பி பொய் சொல்லல. அவருக்கு யாரோ சொல்லிக் குடுத்ததை நம்பிச் சொல்றாரு. உலகம் முழுக்க விக்கிறவங்க சொல்ற பாட்டு இது. ஆனா தப்பு. 1999-இல் ஆஸ்திரேலிய கால்நடை டாக்டர்கள் இதை ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க: காது மடிஞ்ச பூனை எதுவா இருந்தாலும் எலும்பு நோய் கொஞ்சமோ நிறையவோ இருக்கும். அப்பா அம்மா ரெண்டு பக்கமும் மரபணு வந்தா சீக்கிரமாவும் கொடுமையாவும் வரும். ஒரு பக்கம் வந்தா சிலதுக்கு லேசா, சிலதுக்கு மோசமா, சிலதுக்கு வயசான பிறகு. எந்தக் குட்டிக்கு எப்படின்னு காதைப் பாத்து சொல்ல முடியாது. சாட்சி வேணும்னா என் பட்டுவோட குட்டியே சாட்சி. அப்பன் நேர்க்காது உள்ளூர்க் கடுவன்தானே?

சரி, தம்பி வாதத்தையே ஏத்துக்குவோம். அப்போ ஏன்யா ஆணும் பெண்ணுமா ஜோடி? அவரே மைக்ல சொன்னாரு, "ஜெயிக்கிறவங்க குட்டி போட வச்சு வித்தா போட்ட காசு வந்துடும்"னு. ஃபோல்டும் ஃபோல்டும் சேரக் கூடாதுன்னு அஞ்சு நிமிஷம் முன்னால சொன்ன அதே வாய். அந்த ஜோடி குட்டி போட்டா, கணக்குப்படி நாலுல மூணுக்கு நோய் மரபணு போகும். அதுல ஒண்ணு ரெட்டையா வாங்கிக்கிட்டுப் பிறக்கும். அந்த ஒண்ணு சில மாசத்துலயே காலை இழுக்கும். இந்தக் கணக்கைத்தான் நாம ரிப்பன் கட்டி மேடையில ஏத்தப் போறோம்.

இன்னொரு வாதம் கேட்டப்ப எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. நிர்வாகத்துல மூத்தவர் ஒருத்தர், நான் ரொம்ப மதிக்கிறவர், "நம்ம பிள்ளையாருக்கும் காது விசேஷமாத்தானே இருக்கு, அது மாதிரி தெய்வாம்சம்னு நினைச்சுக்க வேண்டியதுதான்"ன்னாரு. ஐயா, பிள்ளையாருக்கு சூர்ப்பகர்ணன்னு ஒரு பேரு உண்டு, முறம் மாதிரி காது உள்ளவர்னு அர்த்தம். முறம் எப்படி இருக்கும்? விரிஞ்சு இருக்கும். பக்தன் சொல்றது அத்தனையும் கேக்கறதுக்காக விரிஞ்ச காது. பூனையும் காதாலதான் பேசும். பயந்தா காதைத் தாழ்த்தும், கோபம்னா பின்னால மடக்கும், ஆர்வம்னா முன்னால திருப்பும். ஃபோல்டுக்கு அந்தப் பேச்சே இல்ல. மத்த பூனைங்களுக்கு அதைப் பாத்தா எப்பவும் பயத்துல இருக்கிற மாதிரியே தெரியும். 2020-இல் வந்த ஓர் ஆய்வுல ஆயிரக்கணக்கான பூனைப் படங்களை அளந்து பாத்திருக்காங்க. சும்மா இருக்கிற ஃபோல்டோட முகம், நிஜமாவே வலியில இருக்கிற சாதாரணப் பூனை முகத்தை விட அதிகமா வலி தெரியற முகமா இருந்துச்சாம். அந்த முகத்துல வலி வந்தா நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புரட்டாசி சனிக்கிழமைச் சொற்பொழிவுல மார்ஜால நியாயம்னு நாம கேட்டிருக்கோம். குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியா பிடிச்சுக்கும். பூனைக்குட்டி அப்படி இல்ல. தாய் கவ்வித் தூக்குற இடத்துக்கெல்லாம் போகும், தன் முயற்சின்னு ஒண்ணும் கிடையாது, முழு நம்பிக்கை. சரணாகதிக்கே நம்ம பெரியவங்க பூனைக்குட்டியைத்தான் உதாரணமா வச்சாங்க. அந்தக் குட்டியை டிக்கெட் நம்பர் பாத்து எவன் கைல வேணும்னாலும் தூக்கிக் குடுக்கிறது எந்த நியாயத்துல சேர்த்தி?

ஃபோல்ட் இல்லாம வேற பூனையா இருந்தாலும் இதே கேள்வி இருக்கு. ஜெயிக்கிறவர் அடுக்குமாடி வீட்டுல இருக்கலாம், பூனை முடி ஆகாதவரா இருக்கலாம், வீட்டுல நாய் இருக்கலாம். ஆசையே இல்லாம மனைவி வற்புறுத்தி டிக்கெட் வாங்கினவரா இருக்கலாம். ரைஸ் குக்கர் வேண்டாம்னா அக்கா வீட்டுக்குக் குடுத்துடலாம். பூனை வேண்டாம்னா? எனக்குத் தெரியும் எங்க வரும்னு. அன்னதான மண்டபத்துப் பின்பக்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல, அட்டைப் பெட்டியில. மாசம் தவறாம வருது. "கோயில்ல விட்டா சோறு கிடைக்கும், புண்ணியம்"னு நினைக்கிறாங்க. காலையில கதவைத் திறந்து அந்தப் பெட்டியைத் தூக்கறது யாருன்னு நினைக்கிறதில்ல. சில நாள் பெட்டிக்குள்ள சத்தமே இருக்காது.

சட்டமும் இருக்கு. நம்ம நாட்டுல விலங்கு நலச் சட்டம் 2015-ன்னு ஒண்ணு போட்டிருக்காங்க. விலங்கைக் கொடுமைப்படுத்தினா 20,000 வெள்ளியில இருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில், இல்லாட்டி ரெண்டும். வளர்க்கிறவர் அதை வலியில இருந்தும் நோயில இருந்தும் காப்பாத்தக் கடமைப்பட்டவர்னும் அதே சட்டம் சொல்லுது. ஃபோல்டை வளர்த்து விக்கிறதை நம்ம நாடு தடுக்கல, அதையும் நேர்மையா சொல்லிடறேன். நெதர்லாந்து தடுத்துடுச்சு. 2014-லயே இந்தப் பூனையை இனப்பெருக்கம் பண்றதுக்குத் தடை. இந்த வருஷம், 2026 ஜனவரி 1-இல் இருந்து புதுசா வச்சுக்கவே கூடாதுன்னு சட்டம். ஏற்கெனவே வீட்டுல இருக்கிற, சிப் போட்ட பூனைகள் மட்டும் ஆயுசு முடியற வரை இருக்கலாம். பெல்ஜியத்துல ஃபிளாண்டர்ஸ் பகுதியிலயும் இனப்பெருக்கத் தடை இருக்கு. "வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நமக்கு ஜீவகாருண்யமா?"ன்னு கேப்பீங்க. அதையேதான் நானும் கேக்கறேன். வள்ளலார் படத்துக்கு மாலை போடற நமக்கு அவன் சொல்லியா தெரியணும்?

தம்பியோட பிழைப்பைக் கெடுக்கிறேன்னு ஒரு பேச்சு. நம்ம பையன் சொந்தத் தொழில் செய்றான், கை தூக்கி விடணும்ங்கிறாங்க. தூக்கி விடுவோம். அவருக்குப் பூனை பத்தி நிறையத் தெரியும், கைப்பழக்கம் நல்லது, பூனைங்க அவர்கிட்ட ஓடி வருது, நானே பாத்தேன். பூனை குளிப்பாட்டற வேலை, ஊருக்குப் போறவங்க பூனையைப் பாத்துக்கற வேலை, நோயில்லாத இனத்தை வளர்க்கிற வேலை, எத்தனையோ இருக்கு. முதல் வாடிக்கையாளரா நான் வர்றேன். பட்டுவுக்கு மாசம் ரெண்டு தடவை நகம் வெட்டணும், என்னால தனியா முடியல.

வித்தியாசமான காதுதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கன் கர்ல்னு ஒரு இனம் இருக்கு. காது முன்னால மடியாது, பின்னால வளைஞ்சு மான் கொம்பு மாதிரி இருக்கும். 1981-இல் கலிபோர்னியா லேக்வுட்ல ஒரு வீட்டு வாசலுக்கு வந்த ஷூலமித்ங்கிற கறுப்புப் பூனையில இருந்து வந்த வம்சம். அதுக்கு வேற மரபணு. ஃபோல்டுக்கு இருக்கிற மாதிரி எலும்பு நோய் இதுவரை அதுல பாக்கல. ஆனா காது விறைப்பா இருக்கும், விளையாட்டுக்குக் கூட கையால வளைக்கக் கூடாது, குருத்தெலும்பு உடையும். நம்ம ஊர்ல சுலபத்துல கிடைக்காது. "கர்ல்"னு சொல்லி வேற எதையாவது தலையில கட்டிடுவாங்க, ஜாக்கிரதை. ஃபோல்ட் குடும்பத்துலயே நேர்க்காதோட பிறக்கிற குட்டிங்களை ஸ்காட்டிஷ் ஸ்ட்ரெய்ட்னு விக்கிறாங்க. அதே உருண்டை முகம், அந்த நோய் மரபணு கிடையாது. ஆனா யோசிச்சுப் பாருங்க: அதை வாங்க நீங்க குடுக்கிற காசுல அதோட காது மடிஞ்ச அம்மாவை அடுத்த ஈத்துக்கு விடுவாங்க. எனக்கு மனசு வரல. உங்க இஷ்டம்.

நான் சொல்றது, நம்ம ஊர்ப் பூனையை எடுங்க. விசேஷம் வேணும்னா வாலைப் பாருங்க! மூஞ்சூறு வால் மாதிரி குட்டை, முடிச்சு விழுந்தது, கொக்கி மாதிரி வளைஞ்சது. மலாய் மண்ணுப் பூனைகளோட இந்த முடிச்சு வாலைப் பத்தி சார்லஸ் டார்வினே எழுதி வச்சிருக்காரு. வெளியூர்க்காரங்க வந்து பாத்து, யாரோ வாலை ஒடிச்சிட்டாங்கன்னு பதறுவாங்க. இல்ல சார், பிறவியிலேயே அப்படித்தான், அதுபாட்டுக்கு மதில் மேல ஓடும். ஜார்ஜ் டவுன் சந்துல 2013 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக தெருவிலங்கு ஆர்வலர்கள் வரைஞ்ச பூனைச் சித்திரங்களைப் பாத்திருப்பீங்க, "101 லாஸ்ட் கிட்டன்ஸ்"னு பேரு. சுவத்துப் பூனையோட நின்னு படம் எடுக்கக் கூட்டம் வருது. வீடு இல்லாத பூனைகளை நினைச்சுத்தான் அதை வரைஞ்சாங்கங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெலுத்தோங் எஸ்.பி.சி.ஏ.வுக்குப் போனா நிஜப் பூனை காத்துக்கிட்டு இருக்கு. பாலம் தாண்ட சோம்பலா இருந்தா நம்ம மண்டபத்துப் பின்பக்கம் வாங்க, இப்போ மூணு இருக்கு. ஒண்ணு பேரு வடை, காரணம் கேக்காதீங்க. இந்த விஷயத்துல மலாய்க்கார அண்டை வீட்டுக்காரங்க கிட்ட நாம கத்துக்கணும். பாசார்ல மீன் வாங்கும்போதே பூனைக்குன்னு தனியா ஒரு பொட்டலம் வாங்கற மக்சிக்கை நான் தினம் பாக்கறேன். நாம இன்னும் சகுனம் பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

ஏற்கெனவே ஃபோல்ட் வச்சிருக்கிறவங்க பயந்துடாதீங்க, தூக்கி எறிஞ்சிடாதீங்க. உங்க மேல தப்பு சொல்றதுக்கு எனக்குத் தகுதி கிடையாது. ஆறு வருஷமா நான் பட்டுகிட்ட கத்துக்கிட்டதைச் சொல்றேன். முதல்ல கருத்தடை, அது உங்க வீட்டோட நிக்கட்டும். குதிக்கிறது குறைஞ்சா, நடை விறைப்பா இருந்தா, வாலைத் தொட விடலைன்னா "சோம்பேறிப் பூனை"ன்னு விட்டுடாதீங்க, எக்ஸ்ரே எடுங்க. வால் வளையுதான்னு நீங்களே முறுக்கிப் பாக்காதீங்க, வலிக்கும். மண் டப்பாவோட ஒரு பக்கத்தைத் தாழ்வா வெட்டி விடுங்க. நான் பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கத்தியால வெட்டினேன், ரெண்டு வெள்ளிச் செலவு. டைல்ஸ் தரை வழுக்கும், பழைய பாய், கம்பளம் எதையாவது போடுங்க. ஏறி இறங்க சோபா பக்கத்துல படி மாதிரி ஏதாவது வைங்க. எடை ஏறவே விடாதீங்க, ஒவ்வொரு கிராமும் அந்த மூட்டு மேல. பாவம்னு சொல்லி எந்நேரமும் தீனி போடறதுதான் நிஜமான பாவம். காது மடிஞ்சு மூடி இருக்கிறதால வாரம் ஒரு தடவை மெதுவா தூக்கிப் பாருங்க. அழுக்கோ நாத்தமோ இருந்தா டாக்டர் குடுக்கிற மருந்து மட்டும். பட்ஸ் விடாதீங்க, தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க.

இதை மட்டும் பெருசா எழுதி ஒட்டி வைங்க: வலிக்குதேன்னு பனடோல் குடுத்துடாதீங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை போதும் கொல்ல. பூனைக்குன்னு வலி மருந்து இருக்கு, டாக்டர் எடை பாத்து, ரத்தம் பாத்துக் குடுப்பாங்க. வலி குறையும். நோய் போகாது, அதுக்கு மருந்தே கிடையாது. கோயிலுக்கு வர்றவங்களுக்கும் அப்படியே ஒரு வேண்டுகோள்: பூனைக்குப் பால் ஊத்தாதீங்க, பெரும்பாலான பூனைக்கு வயித்தால போகும். வெங்காயம் பூண்டு போட்ட குழம்புச் சோறும் வேண்டாம், அதுவும் அதுக்கு விஷம்தான்.

இப்போ நிர்வாகத்துக்கு. வர்ற ஞாயிறு மறுபடி கூட்டம் இருக்கு. முதல் பரிசு இல்லாம போயிடுமேன்னு கவலைப்பட வேண்டாம். நானும் அன்னதானப் பெண்கள் எட்டு பேரும் சேர்ந்து குளிர்சாதனப் பெட்டி ஒண்ணுக்குக் காசு போட்டுட்டோம், ரசீது என்கிட்ட இருக்கு. போஸ்டரை மாத்தி அடிக்கிற செலவும் எங்களுது. தம்பி பேரை நன்கொடையாளரா அப்படியே போடுங்க, பூனைக்குப் பதிலா அவர் வேற எதையாவது குடுக்கட்டும், இல்லாட்டி எங்க குளிர்சாதனப் பெட்டியிலயே அவர் பேரையும் சேர்த்துக்கறோம். அந்த ரெண்டு குட்டியையும் தனித்தனி வீட்டுக்கு, கருத்தடை பண்ணிக் குடுக்கறதா எழுதிக் குடுத்தா, எக்ஸ்ரே செலவை நான் பாத்துக்கறேன். இவ்வளவுக்கும் பிறகு பூனைதான் மேடை ஏறும்னா, அன்னிக்கு ராத்திரி ஐந்நூறு பேருக்குச் சமைச்சுக் குடுப்பேன், அதுல குறை வைக்க மாட்டேன். ஆனா குலுக்கல் நேரத்துல பட்டுவோட எக்ஸ்ரேயைக் கையில பிடிச்சுக்கிட்டு மேடைக்கு முன்னால நிப்பேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்.

ஞாயிறு காலை பத்து மணி, மண்டபம் மேல்மாடி. உறுப்பினர்கள் எல்லாரும் வந்து கை தூக்குங்க, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி.

பட்டு சோபாவுல இருந்து கூப்பிடுது. இறக்கி விடணும், தானா இறங்க முடியாது. மீதியை நேர்ல பேசிக்கலாம்.